கடைக்கு நெட்வொர்க் போடும் முன்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் (2:282) அல்குர்ஆனிலேயே மிக நீளமானது. அந்த எழுத்து இன்று பல கடைகளில் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. பில் கவுண்டரில் ஒன்று, கணக்கு எழுதுபவரிடம் ஒன்று, குடோனில் ஒன்று என்று ஆனதும் அவற்றை இணைக்க வேண்டிவரும். சகோதரர்கள் பலர் பொருளை வாங்கிவிட்டுத்தான் யோசிக்கவே தொடங்குகிறார்கள்.

முதலில் கடையை ஒரு தாளில் வரையுங்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எங்கெங்கே என்று குறியுங்கள். எட்டு இடம் வந்தால் 8 போர்ட் ஸ்விட்ச் போதாது. ரவுட்டரிலிருந்து வரும் கேபிளே ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். 16 போர்ட் வாங்குங்கள்.

பில் போடும் கம்ப்யூட்டருக்கு வைஃபை வேண்டாம், கேபிள்தான் நல்லது. கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை மலிவாகத் தருவார்கள். முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே அதையும் இழுக்க விடாதீர்கள்.

டேலி சில்வர் உரிமம் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே. பலர் சேர்ந்து பயன்படுத்த கோல்டு வேண்டும். இந்தச் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பிரதி போட்டுத் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். ஹலாலான வியாபாரத்தின் கணக்கைத் திருட்டு மென்பொருளில் எழுதுவது நமக்கு அழகல்ல. வைரஸும் அதன் வழியே வரும்.

கடன் வாங்கியவரின் பெயரும் தொகையும் நம்மிடம் அமானிதம். ரவுட்டருடன் வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். வாடிக்கையாளர் வைஃபை கேட்டால் விருந்தினருக்கான தனி இணைப்பைக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பேக்கப். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்கள் உண்டு. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் நெட்வொர்க் முழுவதும் பரவலாம். செருகியபடியே இருக்கும் பேக்கப் டிஸ்க்கையும் விடாது. சரக்கும் வரவேண்டிய பாக்கியும் தெரியாமல் போனால் ஜகாத்தை எப்படிக் கணக்கிடுவது? இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து கணக்கு வருகிறதா என்று பாருங்கள்.

கணக்கு இருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் யூபிஎஸ் அவசியம். பாஸ்வேர்டுகளை எழுதி உறையிலிட்டு வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நெட்வொர்க் போட்டுக் கொடுத்த தம்பி அடுத்த மாதமே வளைகுடாவுக்கு விமானம் ஏறலாம்.