தமிழ்நாடு சொன்னால் தவறு, டில்லி சொன்னால் சரியா?

சூதின் கேட்டை உணர்த்த ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அந்தச் சூது நம் காலத்தில் கைப்பேசிக்குள் குடிபுகுந்து, ரம்மி என்றும் போக்கர் என்றும் பெயர் சூட்டிக்கொண்டு, ஏழை வீட்டுச் சம்பளத்தைச் சூறையாடிற்று. கடன்பட்டோர் பலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

சூதாட்டம், அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34-வது இனம். அந்த உரிமையோடுதான் 2022 அக்டோபரில் நமது சட்டமன்றம் தடை மசோதாவை நிறைவேற்றிற்று. ஆளுநர் செய்ததென்ன? நான்கு திங்களுக்கு மேல் கிடப்பில் போட்டார். 2023 மார்ச்சில், மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று திருப்பி அனுப்பினார்! மன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் பிறந்தது.

அந்த நவம்பரில் உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றது; ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனத் தடையிலிருந்து விலக்கிற்று. அரசு ஓயவில்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாதென 2025-ல் விதி வகுத்தது, நீதிமன்றமும் ஏற்றது.

அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடுக்கச் சட்டம் செய்தது டில்லி. நன்று, வரவேற்கிறோம்! மூன்றாண்டுக்கு முன் நாம் சொன்னதும் இதைத்தானே? மாநிலத்தின் உரிமையை அன்றே மதித்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்? காலங்கடத்தியோர் பதில் சொல்லட்டும்!