வெண்புள்ளிகளுக்குக் காரணம் காண்பது ஏன் கடினம்?

நரம்பிழையைப் போர்த்தும் மயலின் என்னும் கொழுப்புறை சிதைந்தாலும், காசநோய் பரவினாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் மூளையிலோ தண்டுவடத்திலோ எம்.ஆர்.ஐ. படம் காட்டும் வெண்புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றக்கூடும் என்பதால், படம் மட்டுமே நோயின் பெயரைச் சொல்லிவிடாது. மூன்று முள்ளெலும்புகளின் நீளத்துக்கோ அதற்கு மேலோ பரவிய தண்டுவட அழற்சி பார்வை நரம்பின் அழற்சியோடு சேர்ந்து வந்தால், உயிரணுக்களில் நீரைக் கடத்தும் அக்வாபோரின்-4 புரதத்தைத் தாக்குவதும் 2004இல் அறியப்பட்டதுமான எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடுவது இன்றியமையாதது. ஏனெனில் மயலினைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸுக்குத் தரப்படும் இன்டர்பெரான், இந்த எதிர்ப்பொருளால் வரும் நோயை மோசமாக்கக்கூடும். ஒரு படம் மட்டும் போதாது என்பதால், கேரளத்தின் கோட்டுகால், பாறசாலைப் பகுதியினர் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற நரம்பியல் மையத்தை நாடும்போது, பழைய படங்களையும் பரிசோதனை முடிவுகளையும் தவறாமல் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.