மில் சங்குக்குக் கண் வேண்டும்

ஒருகாலத்தில் பீளமேட்டுக்கும் சிங்காநல்லூருக்கும் மில் சங்குதான் கடிகாரம். ஊரே கேட்ட அந்தச் சத்தம், ஓடுகிற தறிக்கூடத்துக்குள் நிற்பவர் காதில் எவ்வளவு விழுந்திருக்கும்? சோமனூர், பல்லடம் பக்கம் நாடா போட்டு ஓட்டும் விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம்; அடுத்த தறிக்காரரிடம் பேசக் கையசைவும் உதட்டசைவும்தான். அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 72, எச்சரிக்கை ஒலி சுற்றியுள்ள சத்தத்தைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்கச் சொல்கிறது. காதைக் காக்க 110-ஐத் தாண்டவும் கூடாது என்கிறது. 95-ம் 15-ம் சேர்ந்தாலே 110. தறிச் சத்தம் 95-க்கு மேல் கொஞ்சம் ஏறினாலும் ஹாரனுக்கு இடமில்லை. வருடக்கணக்கில் தறியடியில் நின்றவரின் காதையும் இதில் சேர்க்க வேண்டும். இரைச்சலால் வரும் செவிக்குறைவு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சும்மா ஏறவில்லை. ஆகவே ஹாரனோடு பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்கும் இருந்தாக வேண்டும். ஆனால் விளக்கு வாங்கியதோடு வேலை முடிவதில்லை. பாதி உயிர் ஒயரில் இருக்கிறது.

வீட்டு ஒயரிங்கில் பழகிய கை இங்கேதான் சறுக்கும். வீட்டில் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து எத்தனை கிளை இழுத்தாலும் விளக்கு எரியும். பரவலாக உள்ள 24 வோல்ட் சாதாரண வகை அலாரத்தில், ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று ஒரே கோடாகத்தான் போக வேண்டும். கோட்டின் கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டர். தீ இல்லாத நேரமெல்லாம் அலாரத்தின் பேனல் பிளஸ் மைனஸைத் தலைகீழாக்கி மிகக் குறைந்த மின்னோட்டம் ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். கருவிக்குள் உள்ள டயோடு அதை உள்ளே விடாது. ரெசிஸ்டர் வழியாக அது திரும்பி வரும்வரை கோடு அறுபடவில்லை என்று பேனல் தெரிந்துகொள்கிறது. தீ என்றதும் பிளஸ் மைனஸ் மாறும், எல்லாக் கருவியும் அலறும். நடுவில் கிளை இழுத்தால், அந்தக் கிளை எலி கடித்து அறுந்தாலும் பேனலுக்குத் தெரியாது. இன்னொரு பழக்கம், ஒயரை வெட்டாமல் நடுவில் மட்டும் தோலுரித்து ஸ்க்ரூவில் ஒரு சுற்று சுற்றிவிடுவது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். இயந்திர அதிர்வில் ஸ்க்ரூ தளர்ந்தால் அந்த ஒரு கருவி செத்துப்போகும், கோடு மட்டும் முழுசாக இருப்பதாகக் காட்டும். வெட்டி, உள்ளே வருவது ஒரு முனையிலும் வெளியே போவது இன்னொன்றிலும் மாட்டினால்தான் குட்டு வெளிப்படும். நீளமும் கவனிக்க வேண்டியது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை. கூடத்தின் கடைசியில், 250 மீட்டர் தள்ளி, 1 ஆம்பியர் இழுக்கும் கருவிகள் இருந்தால் போக வர 500 மீட்டரில் 6 வோல்ட் காணாமல் போகும். கரன்ட் போய் பேட்டரி 20.4 வோல்ட்டுக்கு இறங்கிய நேரமானால் கையில் மிஞ்சுவது 14.4, பெரும்பாலான கருவிகளுக்குக் குறைந்தது 16 வேண்டும்.

விளக்குகள் ஏன் ஒரே நேரத்தில் மின்ன வேண்டும், ஆளுக்கொரு நேரம் மின்னினால் இன்னும் பளிச்சென்று தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு விளக்கு நொடிக்கு ஒருமுறை மின்னுவது தொல்லையில்லை. மறைப்பில்லாத நீளக் கூடத்தில் எட்டு விளக்கு கண்ணில் பட்டு, எட்டும் தன்போக்கில் மின்னினால் நொடிக்கு எட்டு மின்னலாகிவிடும். அது ஒளியால் தூண்டப்படும் வலிப்புக்கான அபாய எல்லைக்குள் வருகிறது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். வலிப்பு உள்ளவர்களில் இப்படிப்பட்டவர்கள் சுமார் 3 சதவீதம்தானே என்றால், ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே வெளியேறுபவர் ஒருவர் விழுந்தாலே வழி அடைபடும் என்பதே பதில். ஹாரனுக்கும் இதே கதை. அரை நொடி ஒலி, அரை நொடி அமைதி என மூன்று முறை, கடைசியில் கூடுதலாக ஒரு நொடி மௌனம்: இதுதான் உலகம் ஒப்புக்கொண்ட ‘வெளியேறு’ அடையாளம். ஒத்திசையாத ஹாரன்கள் ஒன்றின் மௌனத்தில் இன்னொன்று ஊதி அந்தத் தாளத்தையே அழித்துவிடும். ஒத்திசைக்கும் வழி எளிது: பேனலோ அதற்கான மாட்யூலோ குறித்த இடைவெளியில் மின்சாரத்தைக் கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரம் நிறுத்தித் தரும், எல்லாக் கருவியும் அதையே தொடக்கமாகக் கொள்ளும். அந்தச் சைகை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மலிவாகக் கிடைத்ததென்று நடுவில் வேறு பிராண்டை மாட்டினால் அது மட்டும் தனி ஆவர்த்தனம்தான்.

போர்மேன் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவார் என்பது இன்னொரு வாதம். நைட் ஷிப்டில் ஒடியாவும் இந்தியும் பேசுபவர்கள் நிறைந்த கூடத்தில் அவர் எந்த மொழியில் கத்துவார்? பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் இரும்புத் துண்டு பட்டுத் தெறித்த பொறி, காற்றோடு பஞ்சுக் குழாயில் போகும் வேகத்துக்கு அவர் கால் ஈடுகொடுக்குமா? செலவு என்பவர்கள் பரிசோதனைக்குக் காசில்லை என்பதையாவது கவனிக்கலாம். கோட்டின் கடைசிக் கருவியில் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டுப் பேனலைப் பார்த்தால், பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால், ரெசிஸ்டரைக் கூடத்தின் கோடி வரை கொண்டுபோகச் சோம்பிப் பேனலுக்குள்ளேயே மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பெட்டியைத் திறந்து பார்க்கலாம்.