சீலிங்ல மஞ்சள் கறை தெரியுதா? மொட்டை மாடிக் குழாயை முதல்ல பாருங்க!

ஹால் சீலிங்கோட மூலையில டீ சிந்தின மாதிரி ஒரு மஞ்சள் கறை. போன மழைக்கு உள்ளங்கை அளவு இருந்தது, இந்த மழைக்குத் தாம்பாளம் அளவுக்கு வந்துவிட்டது. ‘பெயின்ட் அடிச்சா சரியாயிடும்’ என்று வீட்டில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்லியிருப்பார். அடித்தால் இரண்டு மாதம் மறையும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் திரும்ப வரும். ஏனென்றால், கறை கீழே தெரிந்தாலும் கோளாறு இருப்பது மேலே, மாடியிலிருந்து தண்ணீர் இறங்கும் வழியில்.

நம்ம ஊர் கான்கிரீட் வீடுகளில் மழைத் தண்ணீர் வெளியேற இருப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பி.வி.சி குழாய்கள்தான். அதில் ஒன்று அடைத்துக்கொண்டாலே வீட்டுக்குக் கஷ்டகாலம் ஆரம்பம்.

ஒரு மழைக்கு எவ்வளவு தண்ணி?

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அப்படியென்றால் 10 செ.மீ மழைக்கு உங்கள் மாடியில் மட்டும் 9,300 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணி லாரியில் முக்கால் லோடுக்கும் மேல்!

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் 10 செ.மீ மழை என்பது அதிசயமே இல்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ கொட்டியது. அதே 1,000 சதுர அடி மாடிக்குக் கணக்குப் போட்டால் 88,000 லிட்டர்.

இந்தத் தண்ணீர் இறங்க வழி இல்லை என்றால், சுற்றிலும் கைப்பிடிச் சுவர் இருக்கும் மாடி ஒரு தொட்டியாகிவிடும். 10 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், எடை 9 டன்னுக்கும் மேல். சின்ன கார் ஒன்று 800 கிலோ என்று வைத்துக்கொண்டால், பதினோரு கார்களை உங்கள் தலைக்கு மேல் நிறுத்தி வைத்ததற்குச் சமம்.

உள்ளே என்னதான் நடக்குது?

கான்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும், அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பெய்த மழை உடனே வடிந்துவிட்டால் பிரச்னை இல்லை. நாள்கணக்கில் தேங்கும்போது விரிசல் வழியாகவும் துளைகள் வழியாகவும் ஈரம் இறங்கும். முதலில் பெயின்ட் கொப்பளிக்கும். அடுத்து சுவரில் வெள்ளைப் பவுடர் மாதிரி உப்பு பூக்கும்.

மூன்றாவது கட்டம்தான் ஆபத்து. ஈரம் உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து, பூச்சோடு சேர்ந்து பாளம் பாளமாக விழும். பழைய வீடுகளில் சீலிங்கில் கம்பி வெளியே தெரிவது இப்படித்தான். கட்டிலுக்கு மேலே சீலிங் உப்பிக்கொண்டு இருந்தால், முதல் வேலையாகக் கட்டிலை நகர்த்திப் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கறை இருக்கும் இடமே துப்பு

எல்லாக் கசிவுக்கும் காரணம் ஒன்றில்லை. மேஸ்திரியைக் கூப்பிடும் முன் நீங்களே கொஞ்சம் துப்பறியலாம்.

* சுவரில் மேலிருந்து கீழாக நீளமான கறை அல்லது பாசி: வெளிப்பக்கம் அதே இடத்தில் குழாய் போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் குழாய் ஜாயின்ட் விட்டிருக்கும்.
* சீலிங்கும் சுவரும் சேரும் மூலை: குழாயின் வாய்ப்பகுதி, அல்லது மாடித் தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில் விரிசல்.
* சீலிங்கின் நடுவில்: மேலே தண்ணீர் தேங்குகிறது அல்லது தளத்தில் விரிசல்.
* ஜன்னலுக்கு மேல்: சன்ஷேடில் இலையும் மண்ணும் சேர்ந்து தண்ணீர் நிற்கிறது.
* வெயில் காலத்திலும் காயாத கறை: இது மழைத் தண்ணீராக இருக்க வாய்ப்பு குறைவு. மாடித் தொட்டி, பாத்ரூம் பைப் பக்கம் தேடுங்கள்.

ஸ்விட்ச் போர்டு, ஃபேன் மாட்டியிருக்கும் இடத்தில் ஈரம் தெரிந்தால் விளையாட்டு வேண்டாம். அந்த லைனின் எம்.சி.பி-யை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மாடியில் 20 நிமிஷம்

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மழை, இடி மின்னல் நேரத்தில் மட்டும் மேலே ஏறாதீர்கள்.

1. குழாய் வாய்: காய்ந்த இலை, பிளாஸ்டிக் கவர், தீபாவளிப் பட்டாசுக் குப்பை எல்லாம் போய்ச் சேரும் இடம் இதுதான். கையுறை போட்டு அள்ளி எடுங்கள். உள்ளே தள்ளிவிட்டால் அடைப்பு வளைவில் போய் உட்காரும். தட்டையான ஜாலி மூடி இருந்தால், ஒரே ஒரு பெரிய இலை போதும், மொத்தமாக மூடிக்கொள்ளும். கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும் ஜாலி என்றால் மேல்பக்கமாகவாவது தண்ணீர் போகும்.

2. வாட்டம்: தூரத்து மூலையில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். அது குழாயை நோக்கி ஓட வேண்டும். 10 அடி தூரத்துக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவாவது இருப்பது நல்லது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் எங்காவது தண்ணீர் நின்றால் அங்கே பள்ளம் இருக்கிறது. அதைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு போனில் படம் எடுத்து வையுங்கள். வெயில் காலத்தில் ஆள் வரும்போது ‘எங்கே தேங்குது?’ என்று தேட வேண்டியதில்லை.

3. குழாய்: வருஷக்கணக்கில் வெயில் பட்ட பி.வி.சி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். கிளாம்ப் கழன்றிருக்கிறதா, ஜாயின்ட் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கெட் தண்ணீரை வேகமாக ஊற்றினால் கீழே அதே வேகத்தில் வர வேண்டும். மெதுவாக வந்தால் உள்ளே அடைப்பு.

4. முளைத்த செடி: காக்கா போட்ட எச்சத்தில் வந்த அரசங்கன்றும் ஆலங்கன்றும் கைப்பிடிச் சுவர் விரிசலில் அழகாகத் துளிர்த்திருக்கும். மேலே மட்டும் ஒடித்துவிட்டால் வேர் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு இலை விட்டபோதே வேரோடு எடுத்து, விரிசலை அடைத்துவிடுங்கள்.

5. குழாயின் கால்: தண்ணீர் அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டினால் மண் அரித்துக்கொண்டு போகும். வளைவு மாட்டி, வீட்டைவிட்டுத் தள்ளி மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். சாக்கடை லைனில் மட்டும் இணைக்க வேண்டாம்; பெருமழைக்குச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

ஓட்டு வீடு, ஷீட் கூரை என்றால் இரண்டு சரிவும் சேரும் இடத்தில் இருக்கும் தகரத்தில் துருவும் ஓட்டையும் இருக்கிறதா எனப் பாருங்கள். ஓட்டின் மேல் நடக்காமல், ஏணியில் நின்று பார்ப்பதே பாதுகாப்பு.

ரிப்பேர்ல செய்யற தப்புகள்

‘மேல ஒரு கோட் சிமென்ட் போட்டுடலாம் சார்’ என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. 1,000 சதுர அடிக்கு ஓர் அங்குலக் கலவை போட்டால், 4 டன்னுக்கும் மேல் எடை கூடும். பழைய வீட்டுக்கு அது தாங்குமா என்று ஓர் இன்ஜினீயரிடம் கேட்காமல் போடக் கூடாது.

வாட்டர் ப்ரூஃபிங் கோட்டிங் நல்ல விஷயம்தான். ஆனால், வாட்டம் சரியில்லாத, குழாய் அடைத்த மாடியில் அடித்தால் காசு வீண். முதலில் குழாய், அடுத்து வாட்டம், அப்புறம் விரிசல், கடைசியாகத்தான் கோட்டிங். தளம் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் கோட்டிங் ஒட்டும் என்பதால் பிப்ரவரி முதல் மே வரைதான் இதற்குச் சரியான நேரம். நடுமழையில் கசிந்தால் குழாயைத் திறந்துவிட்டு, தார்ப்பாய் போட்டுச் சமாளியுங்கள்.

புதிதாக வேலை செய்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். கைப்பிடிச் சுவரில், தரையிலிருந்து சில அங்குலம் மேலே ஓர் ஓவர்ஃப்ளோ துளை விடச் சொல்லுங்கள. குழாய் அடைத்தாலும் மாடி தொட்டியாகாது.

வாடகை வீடா இருந்தா?

‘நம்ம வீடா என்ன, போகட்டும்’ என்று விடாதீர்கள். நனையப் போவது உங்கள் லேப்டாப்பும் மெத்தையும்தான். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, கட்டுமானப் பழுதும் குழாய் மாற்றுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. வடிகாலைச் சுத்தமாக வைத்துக்கொள்வது போன்ற சின்ன வேலைகள் குடியிருப்பவரின் பொறுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கறையைத் தேதியோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் உரிமையாளருக்கு அனுப்பி வையுங்கள். காலி செய்யும்போது ‘சுவரை நீங்கதான் கெடுத்தீங்க’ என்று அட்வான்ஸில் கை வைத்தால் அந்தப் படம்தான் பேசும்.

கொசுவும் கவனிக்குது

தேங்கிய மாடித் தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும். அதனால் மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை மாடியை எட்டிப் பார்ப்பது இரட்டை லாபம்.

ஜாலி மூடியின் விலை சில நூறு ரூபாய்க்குள்தான். துருப்பிடித்த சீலிங்கை உடைத்துப் பூசும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கும் வீடு என்றால், அவர்களை மாடி ஏறச் சொல்லாதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களே ஏறி, அந்தக் குழாய் வாயைச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள்!