இரண்டு பல் குறைந்த சக்கரம்

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பதினைந்து வருஷப் பழைய பெட்ரோல் கார் காலையில் ஒரே திருகலில் கிளம்பி, மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூர் வரையில் ஒழுங்காக ஓடி, வெயில் ஏறி வாகன நெரிசலில் ஊர்ந்து செல்லும் சமயத்தில் யாதொரு முன்னறிவிப்பும் இன்றி நின்றுவிடுகிறதாம். அரை மணி நேரம் ஓரங்கட்டி வைத்திருந்தால், ஒன்றுமே நடவாதது போல மறுபடியும் கிளம்புகிறதாம். பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததில் பி0335 என்று எரர் கோடு வர, கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். சில வாரங்களில் அதே கோடு, இன்னொரு சென்சார். இப்பொழுது பி0340 என்ற கோடும் கூடச் சேர்ந்துகொள்ள, கேம் சென்சாரையும் மாற்றிவிடலாம் என்கிறார்களாம். “கம்ப்யூட்டரே சொல்றப்போ அது எப்படிங்க தப்பா இருக்கும்?” என்பது அவருடைய கேள்வி.

கம்ப்யூட்டர் சொன்னது வேறு, பட்டறை கேட்டுக்கொண்டது வேறு. பி0335 என்ற எண்ணுக்கு நேரே அட்டவணையில் உள்ள வாசகம் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்பதே. அந்தச் சுற்றிலே சென்சார் ஓர் அங்கம். அதிலிருந்து புறப்படும் வயர்கள், கப்ளர், எர்த், எதிரே சுழல்கிற பல்சக்கரம், கடைசியில் சமிக்ஞையை வாங்கிக்கொள்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை ஏனைய அங்கங்கள். இத்தனையிலும் கடையில் டப்பாவில் அடைத்துச் சுலபமாக விற்கப்படுவது சென்சார் ஒன்றுதான் என்பதனாலேயே பழி எப்பொழுதும் அதன் தலையில் விழுகிறது. ஆயினும் வாசகருக்கு மேற்கொண்டு பதில் சொல்லுமுன், அந்தச் சென்சார் செய்கிற காரியத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மோட்டார் வாகனத்தில் உள்ள யந்திர யுக்திகள் அனைத்திலும் எனக்கு மிகவும் பிரியமானது அதுவே.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில பாகைகள் முன்னதாகவே ஸ்பார்க் விழ வேண்டும் என்பதும், வேகத்துக்கும் சுமைக்கும் தக்கபடி அந்தப் பாகை மாறவேண்டும் என்பதும் தெரிந்த விஷயங்கள். கிராங்க் ஷாஃப்ட் எந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அறியாமல் இது நடவாது. அதற்காக அந்த ஷாஃப்டோடு கூடவே சுழலும்படி ஓர் இரும்புச் சக்கரத்தை அமைத்து, அதன் விளிம்பை 60 சம பாகங்களாக வகுத்து, பாகத்துக்கு ஒரு பல் என்று வெட்டிக்கொண்டே வந்து, கடைசி இரண்டு பற்களை மட்டும் வேண்டுமென்றே வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள். எல்லாக் கம்பெனிகளுக்கும் இதுவே கணக்கு அன்று. ஆனால் மிகப் பலவற்றில் இதுதான். ஆகப் பற்கள் 58. பல்லுக்குப் பல் 6 பாகை. பல்லின் நுனியிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி, ஒரு சிறு காந்தமும் மயிரிழை போன்ற தாமிரக் கம்பிச் சுருளும் அடங்கிய சென்சார் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பல் நெருங்குகையில் காந்தப்புலம் செறிந்து சுருளில் ஒரு திசையில் மின்னழுத்தம் எழுகிறது. பல் விலகுகையில் எதிர்த்திசையில் எழுகிறது. பல் நேரெதிரே வந்து நிற்கும் கணத்தில் அழுத்தம் பூஜ்யம். கட்டுப்பாட்டுப் பெட்டி உற்றுநோக்குவது இந்தப் பூஜ்யத்தைத்தான். அழுத்தம் வேகத்துக்குத் தக்கபடி ஏறியிறங்கினாலும், பூஜ்யம் நிகழும் ஸ்தானம் மாறுவதில்லை அல்லவா?

கொங்கு நாட்டு வாசகர்களுக்கு இதை வள்ளி கும்மியைக் கொண்டு விளக்குகிறேன். அறுபது பேர் நிற்கக்கூடிய வட்டத்தில் இருவர் வராமற்போக, ஐம்பத்தெட்டுப் பேர் காலில் சலங்கை கட்டிக்கொண்டு, காலியான இரண்டு இடங்களையும் காலியாகவே விட்டு, ஒரே சீராகச் சுற்றி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்துக்கு வெளியே, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். தமக்கு நேராக ஒருவர் கடக்கும்போது ஒரு சலங்கையொலி அவர் காதில் விழுகிறது. வட்டம் நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுற்றுமானால் ஒலி விநாடிக்கு ஒன்று. இடையே ஒரு தரம் மாத்திரம் ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே மூன்று விநாடி மௌனம். அந்த மௌனம் முடிந்து விழுகிற ஒலி முதல் ஆளுடையது என்று பெரியவருக்குத் தெரியும். பதினான்காவது ஒலி கேட்டால் கடப்பவர் யார் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார். வந்தவர்கள் ஐம்பத்தெட்டுப் பேரும் வேகத்தைத்தான் சொல்லுகிறார்கள். இடத்தைச் சொல்லுவது வராத இருவர். இன்மையே இங்கு அடையாளம். நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிற எஞ்சினில் இந்தக் கும்மி விநாடிக்கு ஐம்பது தடவை சுற்றி முடிகிறது. சலங்கை விநாடிக்கு 2900 தடவை ஒலிக்கிறது. பெரியவரோ ஒரு பல்லுக்கும் மறு பல்லுக்கும் நடுவே உள்ள காலத்தையும் கூறுபோட்டு, பாகையின் சிறு பின்னம் வரையில் கணக்கு வைத்துக்கொள்கிறார்.

இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்; ஆனால் உவமை இன்னும் இழுக்கக் கிடைக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு வேலை பூர்த்தியாகிறது. பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்பதைக் கிராங்க் சென்சார் சொல்லுமேயன்றி, அது அழுத்தத்தின் முடிவா, புகை வெளியேற்றத்தின் முடிவா என்று சொல்ல அதற்கு வகையில்லை. ஆகவே வட்டத்துக்குள்ளே இன்னொரு வட்டம்: வெளிவட்டம் இரண்டு சுற்று வருகையில் இது ஒரே சுற்று வருகிறது, இதில் பாட்டெடுத்துக் கொடுப்பவர், தமக்குக் குறித்த இடம் வந்ததும் உரக்க ஒரு குரல் கொடுக்கிறார். இதுதான் கேம் ஷாஃப்ட். குரலைக் கேட்டுக்கொள்வது கேம் சென்சார். இரு வட்டங்களையும் பிணைத்திருப்பது டைமிங் செயின். இந்தக் குரல், வெளிவட்டத்தில் பத்தாவது ஆள் கடக்கும்போது எழவேண்டும் என்பது ஏற்பாடாயிருக்க, பதின்மூன்றாவது ஆளின்போது எழுமானால், ஆடுபவர்களும் சரியாகத்தான் ஆடுகிறார்கள், பாடுபவரும் சரியாகத்தான் பாடுகிறார், கேட்பவர்களின் காதுகளுக்கும் குறைவில்லை. தளர்ந்துபோனது இடையில் உள்ள பிணைப்பு. பி0016 என்ற கோட்டின் சாரம் இதுவே. கிராங்க் பல்லிணையில் 20 பற்கள் இருந்தால், செயின் ஒரே ஒரு பல் தாவியதும் 18 பாகை தவறிவிடும். அதற்குச் சென்சார்களை மாற்றுவது, செவிடு அல்லாதவர்களுக்குக் காது வைத்தியம் செய்வதாகும். கும்மியாட்டக்காரர்கள் என்மேல் சண்டைக்கு வருமுன் உவமையை இங்கே இறக்கி வைக்கிறேன்.

சரித்திரம் இல்லாமல் அறிவியல் கட்டுரை இல்லை என்று பத்திராதிபர்கள் நம்புவதால், ஒரு பத்தி. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்து வண்டிகளிலும், அதன்பின் வெகுகாலம் வந்தவற்றிலும், ஸ்பார்க்கின் நேரத்தை வகுத்தவை இயந்திர உறுப்புகளே; சுழன்று திறந்து மூடும் பாயிண்ட்டுகளை மெக்கானிக்குகள் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தார்கள். அந்த வேலை மின்னணுவியலின் கைக்கு மாறிய பிறகு, 1996 முதல் அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களும் ஒரே வகைக் கோடுகளைப் பேச வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்தியாவில் அவ்வகை ஏற்பாடு பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளோடு 2010இல் ஒரு படியாகவும், 2013இல் மறுபடியாகவும் கட்டாயமாயிற்று. ஆகையால் அதற்கு முந்திய வண்டிகள் சில பொது ஸ்கேனருக்கு வாய் திறப்பதில்லை; சிலவற்றில் செக் எஞ்சின் விளக்கு எத்தனை தரம் கண்சிமிட்டுகிறது என்று எண்ணித்தான் கோட்டை அறியவேண்டும். வாசகரின் ஊரிலேயே வாகன டாஷ்போர்டுக் கருவிகளும் சென்சார்களும் செய்கிற பிரிக்கால் தொழிற்சாலை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டால் சரித்திரக் கடன் தீர்ந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். இன்மையை அடையாளமாகக் கொண்ட ஓர் ஏற்பாட்டில், வேண்டுமென்றே வைத்த இன்மை எது, விபத்தாய் நேர்ந்த இன்மை எது என்று பிரித்தறிவதே நோய்நாடலின் முழுச் சாரம். கிராங்க் சமிக்ஞை அடியோடு நின்றுவிட்டால், எஞ்சின் சுற்றாமல் நிற்கிறதா, சுற்றியும் சமிக்ஞை வரவில்லையா என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி எவ்வாறு அறியும்? பல வண்டிகளில் கேம் சென்சாரைக் கொண்டுதான் அறிகிறது: கேமிலிருந்து துடிப்பு வந்துகொண்டிருக்க, கிராங்கிலிருந்து வராவிட்டால், பி0335 என்று எழுதி வைக்கிறது. இரண்டுமே ஒருங்கே நின்றுபோனாலோ, எஞ்சின் சும்மா நிற்கிறது என்றே எண்ணிக்கொண்டு எந்தக் கோடும் எழுதாமல் இருந்துவிடக்கூடும். கோடு இல்லாத வண்டி கோளாறு இல்லாத வண்டி என்று கொள்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

வாசகரின் வண்டிக்கு இரண்டு லக்ஷணங்கள். முதலாவது, உஷ்ணத்தில் நிற்பது, ஆறினால் கிளம்புவது. தாமிரத்தின் மின்தடை பாகை ஒன்றுக்குச் சதவீதத்தில் ஏறத்தாழ 0.39 பங்கு ஏறுகிறது. 25 பாகை செல்சியஸில் 900 ஓம் காட்டுகிற சுருள் 100 பாகையில் 1160 ஓம் காட்டுவது இயற்கை. அதில் பிசகில்லை. ஆனால் சுருளிலோ வயரிலோ மயிரிழை விரிசல் இருந்தால், உஷ்ணத்தில் விரிந்து தொடர்பு அற்று, தடை எல்லையற்றதாகிவிடும். ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பட்டறைக்கு வண்டி வந்து சேரும்போது ஆறியிருப்பதால் மல்டிமீட்டர் நல்ல எண்ணையே காட்டும். ஆகவே அளக்க வேண்டியது நின்ற இடத்தில், நின்ற மாத்திரத்தில். இரண்டு சென்சார் மாற்றியும் தீராதபோது, அவை போலிச் சரக்காய் இராவிட்டால், சந்தேகம் வயருக்கும் கப்ளருக்கும் நகர்ந்தாக வேண்டும். கப்ளரைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால், பின்களின் அடியில் பச்சையாய்க் களிம்பு பூத்திருப்பதும், ஒரு பின் மற்றதைவிடச் சற்று உள்வாங்கி இருப்பதும் கண்ணுக்கே தெரியும். புகைக்குழாயை ஒட்டிச் செல்லும் இடத்தில் வயரின் மேலுறை வெந்து விறைத்திருக்கும். தோட்டத்துச் சாளையில் நிறுத்துகிற வண்டியானால் எலிப்பல் தடமும் இருக்கும்.

இரண்டாவது லக்ஷணம் இன்னும் ருசிகரமானது: இரண்டு கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. பல வண்டிகளில் இவ்விரு சென்சார்களின் வயர்களும் ஒரே கட்டாகச் செல்கின்றன. மூன்று வயர் கொண்ட ஹால் வகைச் சென்சார்களானால், அவற்றுக்குரிய மின்சாரமும் எர்த்தும் ஒரே கிளையிலிருந்து பிரிவதும் உண்டு. தனித்தனி ஆயுள் கொண்ட இரு பண்டங்கள் அடுத்தடுத்துக் கெட்டன என்று நம்புவதைவிட, இரண்டுக்கும் பொதுவானது ஒன்று கெட்டது என்று அனுமானிப்பதே சாஸ்திரத்துக்குப் பொருந்தும். ஆகவே, கேம் சென்சாரை வாங்குமுன், அந்தப் பொதுக் கிளையில் வோல்ட் சரியாக வருகிறதா, எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது முதற்காரியம்.

பார்க்கும் முறையில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. கோட்டை அழிக்குமுன், அது பதிந்த கணத்தில் வேகம் என்ன, கூலன்ட் உஷ்ணம் என்ன என்று பெட்டி கூடவே சேமித்து வைத்திருக்கும் குறிப்பை எழுதிக்கொள்ள வேண்டும். அநேகர் முதலில் அழித்துவிட்டுப் பிறகு யோசிக்கிறார்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்க வேண்டும்; அந்த முள்ளைக் கட்டுப்பாட்டுப் பெட்டியே இயக்கும் வண்டிகளில், எஞ்சின் சுற்றியும் முள் சிறிதும் அசையாவிட்டால் பெட்டிக்குச் சமிக்ஞை எட்டவில்லை என்பதற்கு அது நல்ல சான்று. பேட்டரியின் பலத்தையும் பார்க்க வேண்டும். காந்தச் சுருள் வகையில் அழுத்தம் வேகத்தைப் பொறுத்தது ஆதலால், எஞ்சின் மந்தமாகச் சுற்றும்போது அது ஒரு வோல்ட்டுக்கும் கீழே போய், நல்ல சென்சாரே ஊமையானதாகத் தோன்றும். சென்சாரைக் கழற்றினால், அதன் காந்த முனையில் இரும்புத்தூள் தாடி முளைத்திருக்கிறதா என்று பார்த்துத் துடைக்க வேண்டும். யாராவது வயரை வெட்டி முறுக்கி ஒட்டியிருந்தால், இரண்டு வயர்களும் இடம் மாறவில்லை என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும்; மாறினால் நெளிவு தலைகீழாகி, பெட்டி பல்லின் மையத்துக்குப் பதிலாகப் பள்ளத்தின் மையத்தை எண்ணத் தொடங்கி, பற்களில்லாத அந்த முக்கியமான இடத்தையும் தவறாக வாசிக்கும்.

இதற்கிடையில், சில நூறு ரூபாய்க்கு ஒரு சிறு கருவியை வாங்கிச் செருகினால், கைப்பேசியே வண்டியின் வியாதியைச் சொல்லிவிடும் என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. செயற்கை நுண்ணறிவும் துணைக்கு வந்திருப்பதாகக் கேள்வி. அக்கருவி பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். முன்பு பெரிய பட்டறைகள் மாத்திரம் வாசித்த எண்களை அது எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறது. ஆனால் கப்ளருக்குள் பூத்த பச்சைக் களிம்பைக் காண அதற்குக் கண் இல்லை. அது கைப்பேசிக்கு அனுப்புவது, பெட்டி ஏற்கனவே எட்டிவிட்ட முடிவின் சுருக்கமேயன்றி வேறல்ல. சமிக்ஞையின் நெளிவை நேரே காட்டுகிற ஆஸிலாஸ்கோப்பு என்றொரு கருவி இருக்கிறது. ஐம்பத்தெட்டு நெளிவுகளையும் நடுவே ஒரு வெறுமையையும் அதன் திரையில் பார்த்தவர்களுக்கு, முறிந்த பல்லும் வளைந்த பல்லும் எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு விளம்பரம் குறைவு. பயன்படுத்தப் பழக்கம் வேண்டும்.

ஆதலின், வாசகர் பட்டறையில் கேட்க வேண்டியது “எந்த சாமானை மாத்தோணுங்க?” என்பது அன்று; “எதை அளந்து பார்த்தீங்க, எவ்வளவு காட்டுச்சுங்க?” என்பது. இங்கே நம்மவர்கள் மேலும் ஒரு குறை உண்டு. ஒரு சாமானுக்கு மூவாயிரம் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிற நாம், ஒரு மணி நேரம் வயரைத் தடவிப் பார்த்து, எதையும் மாற்றாமல் ஒரு பின்னை நிமிர்த்திவிட்டு முந்நூறு கேட்கிற மெக்கானிக்கை, ஒன்றும் செய்யாமல் காசு கேட்கிறான் என்கிறோம். அறிவுக்குக் கூலி கொடுக்க மனமில்லாத இடத்தில் மெக்கானிக்கும் சாமானை விற்றுத்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது சென்சார் வாங்க எடுத்து வைத்த பணத்தில் அந்த ஒரு மணி நேரத்தை வாசகர் வாங்கிக்கொள்ளட்டும்.