மூடிய புத்தகமே நல்லாசான்

ஆண்டிறுதிப் பரீட்சை நெருங்கிவிட்டால், ஊர்காவற்றுறையில் வீட்டுக்கு வீடு வாசிப்புக் குரல் எழும். மாரிமழையின் இரைச்சலையும் மிஞ்சிப் பிள்ளை உரக்கப் படிக்கும். பெற்றோர் உள்ளம் குளிரும். ஆனால், பெறும் புள்ளிகளோ பலவேளைகளில் அம்மகிழ்ச்சியைக் குலைத்துவிடுகின்றன. உடனே, "உனக்குப் படிப்பு ஏறாது" என்கிறோம். ஆறாந் தரத்திலோ ஏழாந் தரத்திலோ கேட்ட அச்சொல்லை நம்பி ஊக்கமிழந்த பிள்ளைகள் எத்தனை பேர்! குறை பிள்ளையிடத்தில் அன்று. படிக்கும் முறையில் உள்ளது.

2006ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவரில் ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை வாசித்தனர். மற்றொரு சாரார் ஒருமுறை வாசித்தபின், அதனைப் பாராமலே மூன்று முறை நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது, வாசித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரத்தின் பின்னரோ, வாசித்தவர் நினைவில் நூற்றுக்கு 40 பங்கும், எழுதிப் பார்த்தவர் நினைவில் 61 பங்கும் எஞ்சின. திரும்பத் திரும்ப வாசிப்பதால் தோன்றும் "தெரியும்" என்ற எண்ணம் நம்மை ஏமாற்றுகிறது என்பது இதனாற் புலப்படும்.

ஆகவே மாணவர்களே, ஒரு பாடத்தை விளங்கி வாசித்தபின் புத்தகத்தை மூடுங்கள். நினைவில் நிற்பவற்றை வெற்றுத்தாளில் எழுதுங்கள். பின்னர் திறந்து, விடுபட்டதைச் சேருங்கள். மறுநாளும், சில நாள் கழித்தும் அவ்வாறே செய்யுங்கள். கணக்காயின், செய்து காட்டிய விடையை மறைத்துவிட்டுச் செய்து பாருங்கள்.

காரணத்தோடு கற்பதும் வேண்டும். நம் துறைக்கும் காரைநகருக்கும் இடையே நிற்கும் கடற்கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஆண்டை மட்டும் மனனஞ் செய்தால் மறந்துபோகலாம். கடல் சூழ்ந்த கோட்டை ஏன் பணிந்தது? குடிக்க நன்னீர் இல்லாமையால்! கோடையில் நன்னீருக்கு அலையும் தீவகப் பிள்ளைக்கு இது எளிதில் மறக்குமா?

பெற்றோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. "எத்தனை மணிநேரம் படித்தாய்?" என்பதை விடுத்து, கொப்பியைக் கையில் வாங்கி, "இன்று படித்ததை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை; பொறுமை போதும். பிள்ளை தடுமாறினால் ஏசாதீர்கள். தடுமாறிய இடமே நாளை மீண்டும் படிக்கவேண்டிய இடம். அதனைப் பரீட்சை மண்டபத்தில் அறிவதினும் வீட்டுத் திண்ணையில் அறிவது நன்றன்றோ?