வெள்ளீயத்துக்கு ஒரு காவல்

ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. கார் பேட்டரிக்குள் இருப்பது காரீயம். முன்னது சமையலுக்கு உகந்தது, பின்னது நஞ்சு. ஆனாலும் தமிழில் இரண்டும் ஈயம்தான். தனிம அட்டவணையிலும் ஒரே குடும்பமாக மேலும் கீழும் அமர்ந்திருக்கின்றன. இந்த இரண்டையும் கலந்துதான் புதுவகைச் சூரிய மின்கலம் ஒன்றை உருவாக்கிவருகிறார்கள்.

பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு படிக அமைப்பின் பெயர். இந்த அமைப்புள்ள காரீய உப்பை வைத்து 2009-இல் ஜப்பானின் சுதோமு மியாசாகா குழு மின்சாரம் எடுத்தபோது திறன் 3.8 சதவீதம். இன்று அது 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் காரீயம் மட்டும் இருந்தால் அகச்சிவப்பு ஒளி பிடிபடாமல் போய்விடும். பாதி வெள்ளீயம் சேர்த்தால் அதில் ஒரு பகுதியும் மின்சாரமாகும். மேலே காரீயப் படலம், கீழே கலப்புப் படலம் என்று அடுக்கினால் வெயிலை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம்.

சிக்கல் வெள்ளீயத்தில்தான். படிகத்துக்குள் அது இரண்டு எலெக்ட்ரான்களை மட்டும் இழந்த நிலையில் இருக்க வேண்டும். காற்றுப் பட்டால் மேலும் இரண்டை இழந்துவிடும். பிறகு படிகத்தில் ஓட்டைகள் விழுகின்றன. ஒளி எழுப்பிய எலெக்ட்ரான்கள் வெளியே வந்துசேராமல் உள்ளேயே வீணாகின்றன.

அதனால் எல்லா வேலையும் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் நடக்கிறது. வேகமாகச் சுழலும் கண்ணாடித் துண்டில் மஞ்சள் கரைசலை விட்டு, சரியான நொடியில் இன்னொரு திரவத்தைச் சொட்டுகிறார்கள். நிறம் பழுப்பாகிறது. சூடேற்றினால் கறுத்துப் பளபளக்கிறது. இவ்வளவு காபந்து செய்தும் போதவில்லை, ஏனென்றால் கரைப்பானாக ஊற்றும் டைமெத்தில் சல்ஃபாக்சைடே வெள்ளீயத்தைக் கெடுக்கக்கூடியது! காவல் கரைசலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அந்தக் காவல் வெள்ளீய ஃபுளோரைடு. சில பற்பசைகளில் சேர்க்கும் அதே பொருள். வெள்ளீய அயோடைடில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்ப்பது வழக்கம். கெட்டுப்போன வெள்ளீயத்தை ஃபுளோரைடு பற்றிக்கொண்டு படிகத்துக்குள் நுழையவிடாமல் நிறுத்துகிறது. அளவு மிஞ்சினால் அதுவே தனியாகத் திரண்டு படலத்தைக் குலைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2019-இல் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட வழி. கரைசலில் வெள்ளீயப் பொடியையே போட்டுவிட்டார்கள். பொடியிலுள்ள ஓர் அணு தன் எலெக்ட்ரான்கள் இரண்டைக் கெட்டுப்போன அணுவுக்குக் கொடுக்கிறது. இரண்டுமே வேண்டிய நிலைக்கு வந்துவிடுகின்றன. கரைசலில் புதிய வேதிப்பொருள் எதுவும் மிஞ்சுவதில்லை. அவர்களுடைய அடுக்குக் கலம் 24.8 சதவீதத் திறனைத் தொட்டது.

காரீயம் பாதியாகக் குறைந்தாலும் நஞ்சு நஞ்சுதான். மழைநீர் புகாதபடி அடைக்காமல் இந்தக் கலங்களைக் கூரையில் ஏற்றக் கூடாது.